பன்னெண்டு மணிக்கு விடுற படிப்பு

...இல்லைங்க, நர்சுக்குப் படிச்சா ஊசி போடுவாங்க, இன்ஜினியருக்குப் படிச்சா பாலம் கட்டுவாங்க. கண்ணால பாக்கலாம். சோசியாலஜி படிச்சா என்ன பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க. நம்மளையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மூணு வருஷமா என் வீட்டுல அதான் நடந்துச்சு.

இப்படி நகந்து உக்காருங்கம்மா, அங்க வெயில் அடிக்குது. மெட்ராஸ் கப்பலுக்குத்தானே? எம் பொண்ணும் அதுலதான் போறா. கார்த்திகா. எம்.ஏ. படிக்கப் போறா... அதே கர்மம்தான், வேற என்ன. பி.ஏ.வுல பாத்தது பத்தலையாம். அவங்கப்பா பெட்டியத் தூக்கிக்கிட்டு அவகூட லைன்ல நிக்கிறாரு. போர்ட்ல கிரேன் ஆபரேட்டரு. எத்தன டன் வேணாலும் மெஷின்ல தூக்குவாரு, ஒரு சூட்கேஸத் தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். எனக்கு நீலாவதின்னு பேரு. சொந்த ஊரு கடலூர் பக்கம். அந்தமானுக்கு வந்து, இதோ இந்த ஹேடோ குவார்ட்டர்ஸ்லதான் இருவது வருஷமா இருக்கோம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், படிப்பு. காலேஜ் சேந்த புதுசுல ஒருநாள் வந்து, "அம்மா, ஃபேமிலிங்கறது ஒரு இன்ஸ்டிட்யூஷன்"ன்னா. டைப் அடிக்கக் கத்துக்குடுப்பாங்களே, அந்த மாதிரியாடின்னு கேட்டேன். இல்லையாம். ஆளாளுக்கு ஒரு வேலையப் பிரிச்சு வச்சிருக்கிற ஏற்பாடாம். அப்ப எனக்கு எப்படி லீவு இல்லேன்னேன். "அதாம்மா கேள்வி"ங்குறா. கேள்வின்னு தெரியுதுல்ல, பதில் சொல்லேன். அது அடுத்த செமஸ்டர்ல வருமாம்.

அதோட விட்டாளா? சாப்பிடுறப்ப அப்பா மொதல்ல, நான் கடைசியா ஏன்னு ஆரம்பிச்சா. சட்டியில என்ன மீந்திருக்குன்னு பாத்துத்தானடி நான் சாப்பிட முடியும்னேன். அதுக்கு அவ அவங்கப்பா பக்கம் திரும்பி, சும்மா ஒரு பார்வை பாத்தா. அவ்வளவுதான். அந்த மனுஷன் மறுநாள்லேர்ந்து தன் தட்டைத் தானே கழுவ ஆரம்பிச்சிட்டாரு. நல்லதுதானேன்னு சொல்லாதீங்க. உள்ள கழுவக் கூடாதா? பின்பக்கக் கொழாயில, நாலு பேரு பாக்க, பாட்டுப் பாடிக்கிட்டுக் கழுவுவாரு. பக்கத்து வீட்டு பெங்காலி தீதி, "க்யா பாத் ஹை பாபி, தபியத் டீக் நஹி?"ன்னு என்னைய விசாரிக்கிறா. நான் சீக்கா விழுந்துட்டேன்னு நெனச்சிட்டா.

ரெண்டாம் வருஷம் ஃபீல்ட் வொர்க். எங்க? எங்க குவார்ட்டர்ஸ் கொழாயடியிலதான். இங்க பானி ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வரும். இவ ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துடுவா. மொத பக்கெட் யாரு வைக்கிறா, யாரு யாருக்கு எடம் விடுறா, தெலுங்குக்காரம்மா கொடத்த ஒத்தை ஆளு மட்டும் ஏன் தொட மாட்டேங்குறா... சரி, அந்த ஒத்தை ஆளு நான்தான். அவளுக்கும் எனக்கும் ஒரு பழைய தகராறு, அது இப்ப வேணாம். பொம்பளைங்க எல்லாம் இவகிட்ட கொட்டித் தீத்துட்டாங்க. பெத்த எங்கிட்ட பேசாதவ எல்லாம், ஹிந்தியில "பேட்டி"ன்னு, மகளேன்னு கூப்பிட்டு டீ குடுக்குறா. என்னடி சொன்னாங்கன்னு கேட்டா, "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா"ங்குறா. ஊர்க் கதை பூரா வீட்டுக்குள்ள இருக்கு, எனக்கு ஒரு வரி கிடையாது. என்ன படிப்புங்க இது?

இதெல்லாம் கூடப் போகட்டும். போன தை மாசம் நடந்தது கேளுங்க.

விழுப்புரத்துலேர்ந்து ஒரு வரன். பையன் அஸ்வின், பேங்க்ல வேலை. மொத்தக் குடும்பமும் அந்தமான் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சுன்னு வந்திருந்தாங்க. கேசரி கிண்டுறேன், பஜ்ஜி போடுறேன், கைகாலு ஓடல. இவகிட்ட கெஞ்சிச் சொன்னேன், "தாயே, இன்னிக்கு மட்டும் யாரையும் ஒண்ணும் கேக்காதே"ன்னு. தலையாட்டினா.

பையனோட அம்மா சொர்ணம்மா. நல்ல உசரம், காதுல வைரம், வந்ததுலேர்ந்து வாயத் தொறக்கல. ஆம்பளைங்கதான் பேசினாங்க. சரி, பொண்ணு வரப்போற அத்தைகூட ரெண்டு வார்த்தை பேசட்டும்னு ரெண்டு பேரையும் உள் ரூமுல உக்கார வச்சேன். நான்தான் வச்சேன். இவ என்ன கேட்டா தெரியுமா? பெருசா ஒண்ணுமில்ல. "உங்க வீட்டுல காலையில மொதல்ல எந்திரிக்கிறது யாரு ஆன்ட்டி?"

அந்தம்மா "நான்தாம்மா"ன்னாங்க. அப்புறம் யாருன்னா. அந்தம்மா அப்படியே இவளப் பாத்தாங்க... அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க பாருங்க. நான் காப்பியோட கதவுகிட்ட நிக்கிறேன், ஆறிப் போச்சு. மூத்த பையனும் மருமகளும் துபாய்ல இருக்காங்கன்னுதானே எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க? பையன் மட்டும்தான் துபாயாம். மருமக, செல்லம்னு பேரு, அவ ஆறே மாசத்துல பொறந்த வீட்டுக்குப் போயிட்டாளாம். காது கிழிஞ்சு போனாளாம். கை நீட்டுறத அவன் அவங்கப்பாவப் பாத்துக் கத்துக்கிட்டான், சின்னவன் அண்ணனப் பாத்துக் கத்துக்கிட்டான், கோவம் வந்தா எதுத்தாப்புல இருக்கிறது அம்மாவா, தங்கச்சியான்னு பாக்க மாட்டான்... இத அழுதுகூடச் சொல்லல. கறிகா விலை சொல்ற மாதிரி சொல்றாங்க. சொல்லிட்டு, "இத்தன வருஷத்துல என்னைய யாரும் இதக் கேட்டதில்ல கண்ணு"ன்னாங்க. எம் பொண்ணு அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

கெளம்புறப்ப எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. அந்தம்மா செருப்பத் தேடுற மாதிரி திரும்பி வந்து, என் காதுகிட்ட, "உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்காதீங்க"ன்னாங்க. போயிட்டாங்க.

அப்புறம் என்ன? ஜாதகம் பொருந்தலேன்னு எங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லிட்டாரு. ஆனா பாருங்க, கேசரிக்கு எவ்வளவு நெய் ஊத்தியிருந்தேன். ஒரு கேள்வி கேக்காம இருந்திருந்தா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்.

...இல்ல. முடிஞ்சிருக்கும். அதான் சொல்றேன்.

இந்தப் படிப்புல யாரு சேத்துவிட்டதுன்னா கேக்குறீங்க? அது அந்த ராக்கப்பன் பண்ணின வேலை. காலேஜ் ப்யூன். அவ கேட்டது இதில்லைங்க. பிளஸ் டூ முடிச்சப்ப மெட்ராஸ்ல நர்சிங் சீட்டே வந்துச்சு. அது சுனாமி வந்து ஆறு மாசம்கூட ஆகாத நேரம். என் தம்பி கோவிந்தராஜ் தெக்க கடைசித் தீவுல, கேம்பல் பேயில கடை வச்சிருந்தான். கடை இருந்த எடமும் இல்ல, அவனும் இல்ல. ஒரு சட்டை கூடக் கெடைக்கல. நான் எப்படிங்க பொண்ணக் கப்பல் ஏத்துவேன்? ப்ளேன்ல அனுப்பலாமேன்னாரு இவரு. ப்ளேன் மட்டும் என்ன ரோட்டு மேலயா போகுது, அதுவும் கடலுக்கு மேலதானே. முடியவே முடியாதுன்னுட்டேன். அவ ஒருநாள் பூரா சாப்பிடல. அப்புறம் அந்த சீட்டப் பத்திப் பேசவே இல்ல.

நானே காலேஜுக்குப் போயி, எந்த க்ளாஸு சீக்கிரம் விடும்னு ராக்கப்பன்கிட்ட கேட்டேன். லேப் கிடையாது, பன்னெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும், சோசியாலஜியில போடுங்கன்னான். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவான்னு போட்டேன். அவன் ஹிந்தி லிட்ரேச்சர்னு சொல்லியிருந்தா அதுல போட்டிருப்பேன். அவன் சொன்னதுதான் தப்பு.

இப்பப் பாருங்க, எந்தக் கடல் வேணாம்னு இந்தப் படிப்புல சேத்தேனோ, இந்தப் படிப்பே அவள அதே கடல்ல கொண்டுபோயி விடுது. ப்ளேன் டிக்கெட் எடுக்கிறேன்னு அவங்கப்பாவே சொன்னாரு. வேணாமாம். கப்பல்னா மூணு நாளு நாலு ஊரு ஜனத்தோட பேசிக்கிட்டே போகலாமாம்.

ஒண்ணு சொல்லட்டுங்களா. இந்த மூணு வருஷத்துல எங்கிட்ட அவ கேக்காதது இல்ல. நகைய யாரு பேர்ல வச்சிருக்கே, சின்ன வயசுல என்ன ஆகணும்னு நெனச்சே, மாமாவுக்காக ஏன் ஒருநாள் கூட நீ அழலேன்னு வரைக்கும் கேட்டா. போகட்டுமாம்மான்னு மட்டும் கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். சீட்டு கெடச்சிருக்குன்னா, இந்தத் தேதியில கப்பல்னா, முறுக்கு சுட்டுக் குடுன்னா. நானும் சுட்டுக் குடுத்துட்டேன்.

அட, கேட்டத் தொறந்துட்டான். நீங்க எந்திரிங்க, லைன் நீண்டுடும். பைய மறந்துடாதீங்க. அதோ, நீலச் சுடிதார் போட்டுக்கிட்டு அந்த போலீஸ்காரம்மாகிட்ட பேசிட்டு நிக்கிறா பாருங்க, அவதான். கப்பல்ல உங்ககிட்டயும் வருவா. ஏதாவது கேட்டா முகத்தத் திருப்பிக்காதீங்க, பதில் சொல்லுங்க. நடுக்கடல்ல கப்பல் ஆடும். அப்ப மட்டும் அவ கையக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கம்மா. அவளுக்கெல்லாம் பயமில்ல. எனக்காகப் பிடிச்சுக்குங்க.