நடுப்பகுதியோடு நிறுத்தியவள்

மழைக்காலத்தில் காஞ்சிபுரத்தில் பியானோ வைத்திருப்பது சிரமம், ஐயா. கட்டைகள் உப்பிக்கொள்ளும், அழுத்தினால் மேலே எழும்பாது. மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மா ஊர் திரும்பும்போது, சபையில் உபதேசியாராக இருந்த எங்கள் அப்பாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா காலமான பிறகு வீட்டில் நானும் என் தங்கை அம்சவேணியும் பியானோவும்தான். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வாசிப்பாள். எனக்கு விரல் ஓடாது, ஆனால் இசையின் கட்டுமானம் தெரியும். பக்கத்தில் நின்று தாள் புரட்டுவேன்.

சாயங்காலங்களில் அவள் வாசிப்பது ஒரு சின்ன உருப்படி. போன நூற்றாண்டில் ஜெர்மனியில் யாரோ எழுதியது, இரண்டே தாள். அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. முதல் பகுதி மைனர் என்கிற சுரவரிசையில் இருக்கும், துக்கமாக. நடுப்பகுதி மேஜருக்கு மாறும். அடைத்த அறையில் ஜன்னலைத் திறந்தாற்போல் இருக்கும். பிறகு முதல் மெட்டே திரும்பி வரும். வலது கையில் எல்லாம் பழையபடிதான். இடது கையில் மட்டும் ஒரு சுரம் அரைப்படி இறங்கும். அந்த ஒரு சுரத்தால், முன்பு வெறும் துக்கமாகக் கேட்டது இப்போது இழப்பாகக் கேட்கும். நடுவில் சந்தோஷம் வந்துபோவதே அதற்காகத்தான்.

அம்சவேணி அந்த இடத்தைப் பிழையில்லாமல் வாசிப்பாள். அதற்குமேல் ஒன்றும் இராது. பாவம், அவளிடம் இழப்பதற்கு எதுவும் இருந்ததில்லை.

வேலாயுதத்தை வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்தவர். பியானோவுக்குள் கட்டைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த துணி இற்றுப்போயிருந்தது. மாற்றி ஒட்ட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். வந்தவர் அவள் வாசிப்பதைக் கேட்டார். மறுபடியும் வந்தார். வேலை முடிந்த பின்னும் வந்தார்.

ஒருநாள் அவளிடம் சொன்னார்: "நடுவுல நல்லா சிரிச்சிக்கினு போவுதேம்மா. அத்தோட நிறுத்திக்கினா இன்னா?"

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து நடுப்பகுதியோடு நிறுத்தினாள்.

நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். மைனரில் தொடங்கியது மைனருக்குத் திரும்ப வேண்டும், பாதியில் விட்டால் அது இசையே ஆகாது என்றேன்.

"எனக்கு அது வேணாண்ணா," என்றாள். "இங்கயே நல்லா இருக்குது."

ஐப்பசியில் அவர்கள் இருவருக்கும் பதிவுக் கல்யாணம் என்று முடிவாயிற்று. அவர் சைவர், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவரைத் திருமுக்கூடலுக்கு அழைத்துப் போனேன். கோயிலில் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன, பார்க்கலாம் என்றேன். ஆற்றில் இறங்கித்தான் அக்கரையிலிருந்த கோயிலுக்குப் போக வேண்டும். தண்ணீர் வந்திருந்தது. கரையில் நின்று தயங்கினார்.

"எனக்கு நீச்சல் வராது சார். தறிக்குழியில உக்காந்தே காலம் போயிடுச்சி."

"முழங்கால் ஆழந்தான். நேரா போங்க, நான் பின்னாலயே வரேன்," என்றேன்.

மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அவரைத் தள்ளவில்லை, ஐயா. பள்ளத்தில் இறங்கியவர் ஒருமுறை மேலே வந்து கரையிலேயே நின்ற என் பக்கம் கையை நீட்டினார். என்னிடம் குடை இருந்தது. நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

தெரியாமல் நடந்தது என்று எழுதாதீர்கள். தெரிந்துதான் சொன்னேன், தெரிந்துதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து, வேலாயுதம் கால் தவறி விழுந்துவிட்டார், காப்பாற்ற முடியவில்லை என்றேன். அம்சவேணி அழவில்லை. என் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நனையவே இல்லையேண்ணா," என்றாள்.

நான் குடையை மூலையில் சாய்த்து வைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. பிணம் கிடைத்து, காரியங்கள் முடிந்து, பல நாள் கழிந்தன. அவள் நேரத்துக்குச் சோறு மட்டும் வைத்தாள். பியானோ மூடியே கிடந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தானாகவே வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். முதல் பகுதி முடிந்தது. நடுப்பகுதியில் அவள் விரல்கள் தயங்கின. நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். நிறுத்தவில்லை. பழைய மெட்டு திரும்பி வந்தது. இடது கை அந்தச் சுரத்துக்கு இறங்கியது. அத்தனை வருஷத்தில் அவள் அப்படி வாசித்ததே இல்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாளைப் புரட்ட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

கடைசிச் சுரம் அடங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தாள். பிறகு மூடியைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"போதுமாண்ணா?"

"ரொம்ப நல்லா இருந்தது," என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள். வந்து என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று நீங்கள் சொன்ன பிறகும் எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. வாசித்துக் களைத்துப் போயிருந்தாள். போதுமா என்று அவள் வாசிப்பைப் பற்றித்தானே கேட்டாள்.