ரஞ்சனா கேட்கச் சொன்ன கேள்வி

பெயர்: வத்சலா. வயது: 31. கணவர் பெயர்: சதீஷ். தொழில்: பல் மருத்துவரின் உதவியாளர். விலாசம்: துறைமுக ஊழியர் குடியிருப்பு, கிடர்பூர், கொல்கத்தா.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எனக்குப் பெங்காலி பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகவே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நீதித்துறை நடுவர் அவர்கள் முன் தமிழில் சொல்கிறேன். சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை. சொல்லாதே என்றுதான் மிரட்டினார்கள்.

டாக்குரியாவில் டாக்டர் பாதுரியின் கிளினிக்கில் கருவிகளைக் கழுவுவதும் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும் என் வேலை. குழந்தைகளுக்குச் சொத்தை விழாமல் இருக்கப் பல்லில் பூசும் ஃபுளோரைடு மருந்தைச் சில மாதங்களாக என்னையே பூசச் சொல்லி வந்தார். உதவியாளர்களே பூசலாம் என்று ரூல் வரப்போகிறது, இப்போதே பழகிக்கொள் என்றார். வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. குழந்தைகள் என்னை டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா, என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

சென்ற திங்கட்கிழமை மாலை ரஞ்சனா என்பவர் தன் ஆறு வயது மகன் அஷ்வத்தை அழைத்து வந்தார். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம், அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நான் தமிழில் பேசியதும் அவர் முகம் தெளிந்தது. அதன் பிறகு என்னிடம், "இவனுக்கு பேண்டெய்ட் ஒட்டுனாலே வீங்கிரும்க்கா. போன தடவ மூச்சே திணறிருச்சு. இந்த மருந்து ஒத்துக்குமான்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில் வேறொருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரிடம் போய் அதைப் பெங்காலியில் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்காமல், "ஓ கிச்சு நா" என்றார். அது ஒன்றுமில்லை, நீ பூசு என்று அர்த்தம். மூச்சுத் திணறியது என்று அந்த அம்மா சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் மறுத்துப் பேசத் தைரியம் வரவில்லை. ரஞ்சனாவிடம், "ஒண்ணும் ஆகாதாம்" என்று சொல்லிவிட்டுப் பூசினேன்.

நாற்காலியை விட்டு இறங்கும் முன்பே பையனின் உதடு தடித்தது. அதன் பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தான். டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். பேண்டெய்டில் உள்ள மாதிரிப் பிசின் அந்த மருந்திலும் உண்டு என்று அங்கே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையன் இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கிறான்.

மறுநாள் டாக்டர் என்னை அழைத்து, பையனின் அம்மா எதுவுமே சொல்லவில்லை என்று சொல், அவள் பேசியது இங்கே உனக்கு மட்டும்தான் புரியும் என்றார். அவள் சொன்னாள் என்று நீ சொன்னால், அதைக் கேட்ட பிறகும் பூசிய கை உன்னுடையது, ஜெயிலுக்குப் போவது நீதான் என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

நேற்று ஐ.சி.யூ. வாசலில் ரஞ்சனா என் கையைப் பிடித்து, "அக்கா, நெசமாவே நீங்க டாக்டர்ட்ட கேட்டீங்களா?" என்றார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன். கேட்டேன். பயந்துகொண்டேதான் பூசினேன்.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. ரஞ்சனாவுக்கும் இதை வாசித்துக் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ச. வத்சலா