தச்ச வேதம்

தேரிக்காட்டுக்குள்ள ரோடும் வராத, தபாலும் வராத காலம். செம்மண்ணு பறந்து பறந்து கண்ணுக்குள்ள விழுத கள்ளிவிளையில ஓலைக் கோயிலு ஒண்ணு, மணி ஒண்ணு, வேதப் புஸ்தகம் ஒண்ணு, அதை வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு. அவ்வளவுதான் இருந்துதாம். அந்த ஆளுதான் சுவிசேஷமுத்து உபதேசியாரு.

நீங்க கேட்டியள்லா, கோயில் வேதத்துல நடுவுல ஒரு ஏட்டை எதுக்குக் கறுப்பு நூலு போட்டுத் தச்சிருக்குன்னு? சொல்லுதேன். சொல்லுததுக்கு எனக்கு நாக்கு கூசத்தான் செய்யுது. ஆனாலும் கேட்டவுகளுக்குச் சொல்லணும், அதுதான் இங்க மொறை.

விடியதுக்கு முன்ன மணி அடிக்கும். பனையேறப் போற ஆம்பளைய, பெட்டி முடையுத பொம்பளைய, எல்லாரும் வந்து மணல்ல உக்காருவாவ. உபதேசியாரு ஒரு அதிகாரம் வாசிப்பாரு. ஒரு நாளைக்கு ஒண்ணு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கடைசி ஆகமம் முடிஞ்சா மறுபடியும் மொத ஆகமத்துல இருந்து. இன்ன ஆகமம், இன்ன அதிகாரம்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. நல்ல குரலாம். ஆண்டவரு குடுத்த வாக்குத்தத்தத்தை அவரு வாசிச்சா, கேட்டவனுக்குப் பசி மறந்துபோகும்னு சொல்லுவாவ.

வாசிச்சவருக்கு மட்டும் மறக்கல.

அவரு சின்னப் பிள்ளையா இருக்கையில ஒரு பஞ்சம் வந்துதாம். கூடப்பொறந்த ரெண்டு பேரை ஒரே வாரத்துல புதைச்சிருக்காவ. அந்தப் பயம் அவரு வயித்துக்குள்ளயே தங்கிப்போச்சு. மேல வேட்டி கட்டி, தோள்ல துண்டு போட்டு, கையில வேதத்தை வச்சிருந்தாலும், உள்ள அந்தப் பயம் அப்படியே உக்காந்திருந்துது.

அப்புறம் பாத்துக்கிடுங்க, மூணு வருசமா மழை இல்ல. பனையில பாளை கருகிப்போச்சு. பதனி ஒரு சொட்டு எறங்கல. கிணத்துல வாளி போட்டா சேறுதான் வருது.

கோயில்ல ஒரு பானை உண்டு. பிடியரிசிப் பானை. ஒவ்வொரு வீட்டுலயும் உலை வைக்கும்போது ஒரு பிடி அள்ளி ஆண்டவருக்குன்னு எடுத்து வைப்பாவ, அது அந்தப் பானைக்கு வரும். பேருதான் அரிசி. வந்தது முக்காவாசி கம்பும் கேப்பையும். இல்லாத வீட்டுக்கு அதுல இருந்து அளந்து குடுக்கது உபதேசியாரு வேலை. நல்ல காலத்துல குறையில்லாமக் குடுத்தாரு. கெட்ட காலம் வந்ததும் அவரு கை சுருங்கிப்போச்சு. நாளைக்கு என்னாகுமோ, நாளைக்கு என்னாகுமோன்னு ஒரே யோசனை. ஒரு மத்தியானம், ஊரு தண்ணி தேடிப் போயிருந்த நேரம், பானையில கெடந்ததை வேற பானையில கொட்டி, வாய்க்குத் துணி கட்டி, களிமண்ணு பூசி, வீட்டுக்குப் பின்னால ஓலைக் குவியலுக்கு அடியில வச்சிட்டாரு. பொண்டாட்டி ரெபேக்காளுக்கே தெரியாது. அவ தன் வீட்டுப் பிடியைத் தெனமும் கோயில் பானையில போட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா, பாவம். அதையும் இவரு தெனமும் அள்ளிக்கிட்டு வந்திருக்காரு.

இப்பத்தான் தொற்காள் வாரா.

தொற்காளுக்கு அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போச்சு. அறுதலி, புருசன் செத்துப்போனான். ஒரே மக. ஓலைப்பெட்டி முடைஞ்சு அந்த மகளை வளர்த்துக் கட்டிக் குடுத்தவ. கண்ணுள்ளவ முடைஞ்ச பெட்டியில கூட ஒரு ஓலை ஏறி எறங்கி இருக்கும், அவ பெட்டியில இருக்காதாம். அவளுக்கு ஒரு பழக்கம். காலையில வேதம் கேட்டுட்டு வந்து நார்ல ஒரு முடிச்சுப் போடுவா. ஒரு அதிகாரத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு ஆகமம் முடிஞ்சா வேற நாரு. பதினெட்டு வருசமா அப்படிக் கேட்டுக் கேட்டு, முடிச்சைத் தொட்டா அன்னைக்கி வாசிச்சதை அப்படியே ஒப்பிப்பாளாம்.

அவ மக பிள்ளை பெத்துப் பத்து நாள் ஆகியிருந்துது. குடிக்கக் கஞ்சி இல்ல, தாய்க்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை அழுத சத்தம் நாளுக்கு நாள் கொறையுது. தொற்காள் தட்டித் தடவி உபதேசியாரு வீட்டுக்கு வந்தா.

"அய்யா, பிடியரிசிப் பானையில ஒரு உழக்கு கிடைக்குமா? எனக்கில்ல. மகளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தணும்."

உபதேசியாரு ஓலைக் குவியலைப் பாத்தாரு. இவளுக்குத்தான் கண்ணு தெரியாதே, நான் பாத்ததை இவ எங்க பாத்தான்னு ஒரு தைரியம்.

"பானை காலி, தொற்கா. ஒரு மணி கூட இல்ல."

"சரிங்கய்யா. ஆண்டவரு பாத்துக்கிடுவாரு. நீங்கதான முந்தாநாள் வாசிச்சிய"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனா. ஏசியிருந்தாக் கூட அவருக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

அப்ப கோயில்ல யாத்திராகமம் ஓடிக்கிட்டு இருந்துது. பதினஞ்சாம் அதிகாரம், கசந்த தண்ணி இனிப்பான கதை, நல்லபடியா வாசிச்சு முடிச்சாச்சு. மறுநா விடியக்காலம் ஏட்டைத் திருப்புதாரு. பதினாறு. வனாந்தரத்துல மன்னா விழுந்த கதை. உங்களுக்குத் தெரியும்லா? அன்னன்னைக்கி உள்ளதை அன்னன்னைக்கிப் பொறுக்கணும், நாளைக்குன்னு வைக்கக் கூடாதுன்னு கட்டளை. நம்பாத சில பேரு வச்சானுவ. விடிஞ்சு பாத்தா புழுத்து நாறிப்போச்சு.

உபதேசியாரு ஒளிச்ச பானையை நெனைச்சாரு. இதை இந்த வாயால எப்படி வாசிக்க? ஏட்டைத் தள்ளிட்டு, மெதுவான குரல்ல "பதினேழாம் அதிகாரம்"னு ஆரம்பிச்சு, கன்மலையில தண்ணி வந்த கதையை வேகவேகமா வாசிச்சு முடிச்சாரு. யாரும் கவனிக்கல. எல்லாருக்கும் பசி மயக்கம்.

பின்னால இருந்து ஒரு குரல். "அய்யா, நேத்து பதினஞ்சு. இன்னைக்கி பதினேழு. பதினாறு எங்க?"

தொற்காள்தான். கையில நாரு.

"அது… அந்த ஏடு இதுல இல்ல, தொற்கா. கிழிஞ்சு போச்சு."

"அப்படியாய்யா? ஞாயித்துக்கெழமை அய்யரு வருவாருல்லா, அவருகிட்ட காட்டி வேற ஏடு வாங்கிரலாம்."

அவ கள்ளமில்லாமத்தான் சொன்னா. இவருக்கு வேர்த்துக் கொட்டுது. பாதிரி அய்யரு வந்து விரிச்சுப் பாத்தா, ஏடு குத்துக்கல்லு மாதிரி அங்கயே இருக்குமே! என்ன செஞ்சாரு தெரியுமா? எல்லாரும் போன பெறகு, கோயில் கதவைச் சாத்திட்டு, அந்த ஏட்டைக் கிழிச்சாரு.

ஆமா. கிழிச்சாரு. உபதேசியாரு, வேதத்தை, கோயிலுக்குள்ள வச்சுக் கிழிச்சாரு. பொய்யை மெய்யாக்குததுக்கு. இந்த இடம் வரும்போது எங்க அப்பா தலையைக் குனிஞ்சுக்கிடுவாவ. நானும் குனிஞ்சுதான் சொல்லுதேன்.

கிழிச்ச ஏட்டை எரிக்க மனசு வரல. எங்க வைக்க? களிமண்ணைப் பேத்து, ஒளிச்ச பானைக்குள்ளயே செருகிட்டு, பாக்காமக் கொள்ளாம மறுபடியும் மூடிட்டாரு.

மறுநா விடியக்காலம் மணி அடிச்சுது. அவரு புஸ்தகத்தை எடுக்கதுக்குள்ள தொற்காள் முன்னால வந்து நிக்கா.

"அய்யா, கிழிஞ்ச எடத்தை ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா? வேதத்துக்கு ஒரு காயம்னா மனசு கேக்கமாட்டேங்கு."

எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காவ. எப்படி முடியாதும்பாரு? விரிச்சுக் குடுத்தாரு. அவ வெரலு ஏட்டு இடுக்குல மேல இருந்து கீழ வரைக்கும் போச்சு. ஒரு தடவ. மறுபடியும் ஒரு தடவ. வாழ்நாளெல்லாம் ஓலை கிழிச்ச வெரலு அது. பழைய கிழிசல்னா ஓரம் மழுங்கியிருக்கும். இதுல பிசிறு பிசிறா பஞ்சு நிக்கி.

அவ குனிஞ்சு, அவருக்கு மட்டும் கேக்க மாதிரி சொன்னா: "அய்யா, இது நேத்து கிழிஞ்சது."



ஊரைக் கூட்டியிருக்கலாம் அவ. சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்கலாம். ஒண்ணும் செய்யல. ஊரைப் பாத்துத் திரும்பி, "ஏடுதான் இல்ல. பாடம் எனக்குத் தெரியும், முந்தி வாசிச்சப்ப கேட்டிருக்கேன். ஒரு நாளும் ஒரு அதிகாரம் விட்டுப்போகக் கூடாது. நான் சொல்லுதேன், கேளுங்க"ன்னா. நார்ல வெரலை வச்சுக்கிட்டு, பதினாறாம் அதிகாரத்தை மொத வார்த்தையில இருந்து சொல்ல ஆரம்பிச்சா. அதுவும் எப்படி? இந்த உபதேசியாரு குரல்லயே! அவரு எங்க நிறுத்துவாரோ அங்க நிறுத்தி, எங்க ஏத்துவாரோ அங்க ஏத்தி. அவகிட்ட வேதம் வந்தது இவரு வாய் வழியாத்தான? அவருக்குத் தன்னையே எதுக்க நிறுத்தி வச்சு வாசிக்க மாதிரி இருந்துது. வைக்காதீங்கன்னு சொல்லியும் வச்ச ஆளுக எடம் வந்துது. புழு வந்துது. நாத்தம் வந்துது.

மடார்னு ஒரு சத்தம். உபதேசியாரு முழங்கால்ல விழுந்துட்டாரு.

"போதும் தொற்கா, போதும்! பானை காலி இல்ல. நான் ஒளிச்சேன். பதினெட்டு வருசமா வாசிச்சேன், ஒரு நாளும் நம்பல. நீ கேட்டு நம்புன."

சொல்லிட்டு மூஞ்சியைத் துண்டால மூடிக்கிட்டாரு. ரெபேக்காள்தான் மொதல்ல எந்திரிச்சா. நேரா வீட்டுக்குப் பின்னால போயி ஓலையைத் தள்ளி, பானையைத் தூக்கிட்டு வந்து ஊரு நடுவுல வச்சா. துணியை அவுத்தா குப்புன்னு ஒரு வாடை. நூலு நூலாப் பின்னி, புழு நெளியுது. அதுக்கு நடுவுல அந்த ஏடு.

ஒருத்தன் கையை ஓங்கிட்டு வந்தானாம். தொற்காள் சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்கிட்டு, "அடிச்சா கஞ்சி வேகுமா? மொதல்ல சொளகு கொண்டாங்கட்டி"ன்னு ஒரு அதட்டு. பொம்பளைய உக்காந்து புடைச்சாவ. பாதி போச்சு, பாதி தேறிச்சு. மொத கஞ்சி தொற்காள் மகளுக்கு. ரெண்டு நாள்ல பால் ஊறிச்சு. பிள்ளை அழுத சத்தம் தெருக் கடைசி வரைக்கும் கேட்டுதாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு உபதேசியாரு வீட்டுக்குள்ள உக்காந்து தேம்பித் தேம்பி அழுதிருக்காரு.

மழை உடனே வந்துரல. நாப்பது நாள் கழிச்சுத்தான் வந்துதுன்னு சொல்லுவாவ. ஆனா அந்த நாப்பது நாளும் ஒரு வேளைக் கஞ்சி நிக்கல. எல்லா வீட்டுலயும் ஒளிச்சு வச்சிருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வந்துது. ஆமா, அவரு மட்டுமா ஒளிச்சாரு? அவரு சொன்ன பெறகுதான் மத்தவனுக்குச் சொல்ல வாய் வந்துது.

அய்யரு வரவேண்டிய அந்த ஞாயித்துக்கெழமைக்கு முன்னயே அவரு மூட்டை கட்டிட்டாரு. "நான் போறேன். எனக்கு இங்க நிக்க மூஞ்சி இல்ல"ன்னாரு. தொற்காள் வழியை மறிச்சா.

"போயிட்டா யாரு வாசிப்பா? எங்களுக்கு எழுத்துத் தெரியாதே. வெக்கமா இருக்கா? வெக்கத்தோடயே வாசிங்க. பானைக்கு மட்டும் இனி மூடி வேண்டாம்."

ஏட்டைத் தச்சது அன்னைக்குத்தான். ஊசியில நூலு கோத்தது அவரு, தச்சது அவ. கண்ணு தெரியாதவ தச்ச தையலு, ஒரு நூலு பிசகல. அய்யரு வந்து புதுப் புஸ்தகம் தாரேன்னதுக்கு, ஊரு வேண்டாம்னுட்டுது. அதுக்கப்புறம் இருவத்தி ரெண்டு வருசம் அந்தத் தையலை விரிச்சு வச்சுக்கிட்டு வாசிச்சாரு அந்த மனுசன். செத்த அன்னைக்கிக் காலையில கூட ஒரு அதிகாரம்.

அதனாலதான் இன்னைக்கும் எங்க கோயில்ல வாசிக்கதுக்கு முன்ன, வாசிக்கவன் "நேத்து எது?"ன்னு கேட்கணும். பின்னால உக்காந்திருக்கவுக சொல்லணும். சொன்னாத்தான் ஏட்டைத் திருப்பலாம். கோயில் வாசல்ல மூடியில்லாம ஒரு பானை இருக்கே, அதுவும் அதுதான். பதினாறாம் அதிகாரம் வருத அன்னைக்கி மட்டும் வேற யாரும் வாசிக்க மாட்டாவ. சுவிசேஷமுத்து உபதேசியாரு வம்சத்துல ஒரு ஆளு எந்திரிச்சு, "நாங்க ஒளிச்சோம்"னு ஊருக்கு முன்னால சொல்லிட்டுத்தான் வாசிக்கணும்.

எங்க வம்சத்துலதான்.

நாளைக்குப் பதினாறு. இந்தத் தடவ மொறை எனக்கு. நீங்களும் வாங்க, வரும்போது ஒரு பிடி கொண்டாங்க. நான் இப்ப வீட்டுக்குப் போறேன். பொழுது சாயதுக்கு முன்ன, மூடி போட்டு வச்சிருக்க பானையெல்லாம் ஒரு தடவ திறந்து பாக்கணும். போன தடவ என் மொறை வந்தப்ப, ரெண்டு பானை நெறஞ்சு இருந்துது.