பாதிக்குக் கீழே நின்ற முள்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் யாருக்கும் இன்ஜின் சூட்டைப் பற்றி யோசனை வருவதில்லை. மேலே நனைகிற வண்டி உள்ளேயும் குளிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலகரத்தில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது எப்போதும் வேடிக்கைதான்.

தில்லைநாயகம் சொந்த டாக்சி ஓட்டுபவர். எங்கள் பக்கத்தில் வெயிலுக்குப் பயந்து, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது வழக்கம். அப்படி ஓட்டினால் இன்ஜின் சரியாகச் சூடேறாது, டீசலைக் குடிக்கும். போன வருடம் அவரிடம் இதைச் சொன்னேன். "ஊரே கழட்டித்தாம்லே ஓட்டுது. கழட்டு" என்றார். கழற்றினேன். மைலேஜ் விழுந்ததும் டாக்சி ஸ்டாண்டில் எல்லா டிரைவர்கள் முன்பும் என்னை நிற்கவைத்து, "இவன்கிட்ட வண்டிய விடுததுக்கு ஐந்தருவியில உருட்டி விட்டுரலாம்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வால்வைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். அதன்பின் ஸ்டாண்டிலிருந்து ஒரு வண்டிகூட என் பட்டறைக்கு வரவில்லை.

இந்த சீசனில் மற்ற பட்டறைகளில் கூட்டம் என்று அவரே வந்தார். வண்டியை எடுத்ததுமே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறதாம். ரேடியேட்டர் குழாயைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. சூட்டை அளக்கும் சென்சார் கெட்டிருந்தது. புதிது மாட்டினால் முடிகிற வேலை. நான் அதற்குப் பதிலாக வயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து டேப் சுற்றினேன். இனி தண்ணீர் கொதித்தாலும் முள் பாதிக்குக் கீழேயே நிற்கும். சூடு தெரியாததால் ஃபேனும் சுற்றாது.

சாவியைக் கொடுக்கும்போது, "ஆவி கீவி வந்தாலும் பயப்படாதீய அண்ணாச்சி. முள்ளு கீழ நின்னா ரேடியேட்டர் மூடியத் தாராளமாத் திறந்து தண்ணி ஊத்தலாம்" என்றேன்.

"இப்பத்தாம்லே மெக்கானிக் மாதிரி பேசுத" என்றார்.

மறுநாள் வண்டியை எடுத்து வந்தது மாரி. அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்பதால் அவன் ஆக்டிங் டிரைவர். பின்சீட்டில் ஆரியங்காவுக்குப் போகிற ஒரு குடும்பம். பட்டறை முன்னால் நிறுத்தினான்.

"அண்ணாச்சி எல்லாஞ் சொல்லித்தான் விட்டாவ. மலையேத்தம்லா, அதான் நின்னேன். வண்டி நல்லாருக்காண்ணே?"

மாரியோடு எனக்கு ஒரு விரோதமும் இல்லை. போன மாதம்கூட மழையில் நின்ற என் மகளை ஏற்றிவந்து வீட்டில் விட்டான். டேப்பைப் பிரிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும்.

"நல்லாருக்கு. போய்ட்டு வா" என்றேன். கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

செங்கோட்டை தாண்டி, ஏற்றத்தில் மூடியைத் திறந்திருக்கிறான். கொதிநீர் நேராக முகத்தில் அடித்திருக்கிறது. இரண்டு கண்ணும் போய்விட்டது என்கிறீர்கள். வருத்தம்தான். தில்லைநாயகத்துக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருக்கலாம்.

ரெசிஸ்டர் வைத்தது நான்தான் சார், மறுக்கவில்லை. அவருக்காகத்தான் வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மாரி விஷயத்தில் என்மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் வண்டியைப் பற்றித்தான் கேட்டான். மூடியைப் பற்றிக் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.