ஒரு சாண் தூக்கிப் பாருங்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் துறைத்தலைவர் அம்மையார் அவர்களே! பதினைந்தே நிமிடம் என்று என்னை மேடையேற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் எங்கள் இயற்கணித ஆசிரியை அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கும் தாய்மார்களே! பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தாங்களே சேர வந்திருக்கும் தாய்மார்களே! பகலெல்லாம் பணியாளராக இருந்து, மாலை ஆறு மணிக்கு மறுபடி மாணவராக மாறத் துணிந்த தோழர்களே! கதவருகே, கடைசி வரிசையில், தப்பிக்க வசதியாக அமர்ந்திருக்கும் என் இனத்தவர்களே! எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். இடது ஓரம். சுவரில் சாய்ந்துகொள்ளலாம்.

நுண்கணிதத்துக்கு முந்தைய இயற்கணிதம். பெயரே இரண்டு மூச்சு. இந்தப் பாடத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று புதியவர்களுக்குச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன்.

பதினான்கு வாரங்கள். முதல் வாரம், இது பள்ளியில் படித்ததுதானே என்பீர்கள். இரண்டாம் வாரம், இதற்கா பயந்தோம் என்பீர்கள். மூன்றாம் வாரம் ஒரு மாலை வரமாட்டீர்கள். நான்காம் வாரம் வந்து பார்த்தால் பலகையில் வேறு ஏதோ மொழி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான்காம் வாரம் வரை நேரம் இருக்கிறது.

சார்பு என்று ஒன்று வரும். ஓர் எண்ணைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் திருப்பித் தரும் இயந்திரம். இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும், அழுதுகொண்டே கொடுத்தாலும், அதே எண்ணுக்கு அதே விடை. மனிதர்களிடம் இந்த நேர்மையை நான் கண்டதில்லை. மடக்கை வரும். மிரள வேண்டாம். பெருக்கலைக் கூட்டலாக்கிக் கையில் கொடுக்கும் பெருந்தன்மை அதற்கு உண்டு. வரைபடங்கள் வரும். ஒரு வளைகோடு ஒரு நேர்கோட்டை நெருங்கும், நெருங்கும், நெருங்கிக்கொண்டே இருக்கும்; தொடாது. அதைப் படித்த வாரம் முழுவதும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதற்கு வேறு காரணமும் இருந்தது. விடுங்கள்.

என்ன கேட்டீர்கள்? கால்குலேட்டரா? கொண்டு வரலாம் ஐயா. அது கூட்டித் தரும், பெருக்கித் தரும். எதைக் கூட்டுவது, எதைப் பெருக்குவது என்று மட்டும் வாயைத் திறக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாடத்தில் தோற்றவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருவன். மடக்கையிலா தோற்றோம்? இல்லை. மாபெரும் தேற்றங்களிலா? இல்லவே இல்லை. ஒரு கழித்தல் குறியில் தோற்றோம். இரண்டு பின்னங்களைக் கூட்டுவதில் தோற்றோம். இதுகூடவா தெரியாது எனக்கு என்ற நினைப்பில் தோற்றோம். பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்தவன் நான். முதல் முறை பாதி வகுப்புகளுக்குப் போகவில்லை. முப்பத்தொன்பது மதிப்பெண். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும்.

இரண்டாம் முறை வந்து அதே ஓரத்தில் உட்காரப் போனேன். அங்கே ஓர் அம்மா அமர்ந்திருந்தார். மஞ்சள் தலைக்கவசத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு.

அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

நாற்பத்து மூன்று வயது. கோபுர கிரேன் இயக்குபவர். ஏணியில் ஏறினால் இருபது மாடி உயரம். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக எட்டு மணி நேரம். வகுப்பே அவரைக் கிரேன் அக்கா என்றுதான் அழைத்தது. ஆசிரியை அவர்களே, நீங்களும்தான். தலையாட்டுகிறார், பாருங்கள்.

முதல் நாளே என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தப் பின்னத்தை எப்படிக் கூட்டுறது?"

எனக்கு வியப்பு. "அக்கா, உங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலாமே?"

"என் பொண்ணும் காலேஜ்தான் படிக்கிறா. அவகிட்ட கேட்டா, 'அம்மா, இதுகூடவா தெரியாது'ன்னு சிரிப்பா. நீ சிரிச்சா சிரிச்சுட்டுப் போ. உன் மூஞ்சியில நான் தினமும் முழிக்கப் போறதில்ல."

நான் சிரிக்கவில்லை. கற்றுக்கொடுத்தேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் வினையாக வந்தது.

அவர் ஏன் படிக்க வந்தார்? ஒரு நாள் கேட்டேன். சொன்னார். அவர் வேலை பார்த்த இடத்தில், ஒரு காங்கிரீட் பலகையைத் தூக்கச் சொல்லிக் கீழே இருந்த பொறியாளர் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கா பார்த்திருக்கிறார். இவ்வளவு தூரத்துக்கு இந்த எடை ஆகாது என்று கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. தூக்க மாட்டேன் என்றிருக்கிறார்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நீ என்ன படிச்சிருக்க? பட்டனை அமுக்குறதுதான உன் வேலை'ன்னாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அமுக்கல. அவ்வளவுதான்."

மறுநாள் அந்தப் பலகையை இரண்டு துண்டாக அனுப்பியிருக்கிறார்கள். மன்னிப்பு என்று யாரும் வரவில்லை. அன்றைக்கு முடிவு செய்திருக்கிறார் அக்கா. எதை, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு தூக்கலாம் என்று தாளில் எழுதித் தருகிறார்களே, அந்த வேலை. அந்த நாற்காலி. அதற்கொரு பட்டயப் படிப்பு. அந்தப் படிப்புக்குக் கதவு, இந்தப் பாடம்.

கதவைத் தட்ட மூன்று முறைதான் அனுமதி. உங்களுக்கும் அப்படித்தான், விதிப் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அக்கா ஒரு முறை தோற்றிருந்தார். என்னைப் போல.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கணக்கைப் போட்டாலும், விடை வந்த பிறகு, அந்த விடையை முதல் வரிக்கே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா? வந்தால் ஒரு சின்னக் கோடு. பிறகுதான் அடுத்தது. ஆசிரியையும் இதைத்தான் சொல்வார். பலகையின் ஓரத்தில் 'விடையை வைத்துப் பார்' என்று சிவப்புச் சாக்கட்டியில் எழுதியே வைத்திருப்பார். நாங்கள் அதைச் சுவரின் பகுதியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அக்கா ஒருவர்தான் அதை வாக்கியமாகப் படித்தார்.

ஆனால் மெதுவாகப் போனார். மிக மெதுவாக. தேர்வுக்கு முதல் நாள் நான் சொன்னேன். அவையோரே, நன்றாகக் கேளுங்கள், இதைச் சொன்னவன் நான்: "அக்கா, இதெல்லாம் வெட்டி வேலை. விடை வந்தாச்சுல்ல? அடுத்த கேள்விக்குப் போங்க. இல்லாட்டி டைம் பத்தாது."

"அப்படியா சொல்ற?"

"நம்புங்கக்கா."

நம்பினார்.

தேர்வில் ஆறாம் கேள்வி. ஓர் எண்ணோடு ஆறைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால், அதே எண் வருகிறது. அந்த எண் எது? இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்த வேண்டும். படுத்தினால் இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்தினால் இரண்டு விடைகள். மூன்று, கழித்தல் இரண்டு. அழகாக வரும். அத்தனை வரியும் சரியாக வரும். ஆனால் கழித்தல் இரண்டை முதல் வரியில் வைத்துப் பாருங்கள். ஆறைக் கூட்டினால் நான்கு. அதன் வர்க்கமூலம் இரண்டு. கழித்தல் இரண்டு அல்ல. வர்க்கப்படுத்தும்போது கழித்தல் குறி மறைகிறதல்லவா? அந்த மறைவில் ஒரு பொய் விடை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உண்மை விடையின் பக்கத்திலேயே. அதே சட்டை போட்டுக்கொண்டு.

நான் இரண்டையும் எழுதினேன். அக்காவும் இரண்டையும் எழுதினார். ஆளுக்கு மூன்று மதிப்பெண் போனது.

எனக்கு அறுபத்தொன்று. தேர்ச்சி.

அவருக்கு நாற்பத்தெட்டு.

கணக்குப் போட்டுவிட்டீர்கள் போல. ஆமாம். நாற்பத்தெட்டும் மூன்றும் ஐம்பத்தொன்று.

அதன் பிறகு அவர் கல்லூரிப் பக்கமே வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கட்டுமான இடத்துக்கே போனேன். என்ன சொல்வது என்று பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு. நுழைவாயிலில், கையில் வாக்கிடாக்கியோடு, கிரேனுக்குச் சைகை காட்டும் தொழிலாளி ஒருவர் நின்றிருந்தார்.

"யாருப்பா நீ?"

"கிரேன் அக்காவோட கூடப் படிக்கிறவன்."

மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தார். "ஓ! அக்காவைக் கோட்டை விட வச்ச மேதை நீதானா? அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு. கம்பி ஏறுது."

நின்றேன். ஒரு கட்டுக் கம்பி. தடித்த இரும்புக் கயிறு இறுகியது. கட்டு தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. நின்றது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. கட்டு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. கயிறு ஒரு விரல் அளவு நழுவியது. உடனே இறங்கிவிட்டது தரைக்கு. மறுபடி கட்டினார்கள். மறுபடி ஒரு சாண். மறுபடி நின்றது. அசையவில்லை. பிறகுதான் போனது மேலே, மேலே, வானத்தின் நடுவுக்கு.

தேநீர் இடைவேளையில் அக்கா இறங்கி வந்தார். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோயிற்று. கேட்டேன்: "ஏன்க்கா முதல்ல இறக்கிட்டீங்க? எடையெல்லாம் தாள்ல சரியாத்தான இருக்கும்?"

"தாளா தம்பி தூக்குது? எத்தனை பேரு கணக்குப் போட்டுக் கொடுத்தாலும், ஒரு சாண் தூக்கிப் பாக்காம நான் மேல கொண்டு போனதே இல்ல. பத்தொன்பது வருஷமா. கீழ ஆள் நிக்குதில்ல?"

சொல்லிவிட்டு ஒரு டீயை என் கையில் கொடுத்தார். என்னையே பார்த்தார்.

"இதைத்தான பரீட்சையில பண்ணாதன்னு சொன்ன நீ?"

நண்பர்களே! என் படிப்பு எங்கே போயிற்று? என் பள்ளிப் பரிசுகள் எங்கே போயின? என் அறுபத்தொன்று எங்கே போய் ஒளிந்தது? பலகையின் ஓரத்தில் சிவப்பாக நின்ற அந்த வரியை நான் அந்த மண்மேட்டில் நின்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"சரி சரி, டீ ஆறுது, குடி. இன்னும் ஒரு தடவை இருக்கு. இந்தத் தடவை பின்னம் மட்டும் சொல்லிக் குடு. புத்தி சொல்லாத."

அப்படியே செய்தேன். பதினான்கு வாரம். அவர் தலைக்கவசத்தோடு வருவார். நான் கல்லூரி உணவகத்தில் ஒரு மேசையைத் துடைத்து வைப்பேன். வேகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சரிபார்ப்பதை விட்டதால் வரவில்லை. பின்னமும் குறியும் கைக்குப் பழகியதால் வந்தது. நான் நேரத்தைத் தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் தேர்வு. கடைசித் தேர்வு. இதில் போனால் அந்தக் கதவு அவருக்கு இனி இல்லை. எனக்கு அன்று அங்கே வேலையே கிடையாது. ஆனாலும் நடைக்கூடத்தில் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். மணி அடித்தது. அறை காலியானது. அக்கா வரவில்லை. கண்காணிப்பாளர் தாள்களை அடுக்கும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் பின்னால், தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அந்த வர்க்கமூலக் கணக்கு வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. வேற எண் போட்டு."

"ரெண்டு விடையா?"

"ரெண்டு. அஞ்சு, மைனஸ் மூணு. அஞ்சை ஒரு சாண் தூக்கிப் பாத்தேன். நின்னுச்சு. மைனஸ் மூணைத் தூக்குனேன். நழுவுச்சு."

"என்ன பண்ணீங்க?"

"என்னடா கேள்வி இது? இறக்கி வச்சுட்டேன்."

எழுபத்து நான்கு.

தாள் திரும்ப வந்த அன்று நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை. "மிச்சம் இருபத்தாறு எங்க போச்சு?" என்று ஆசிரியையிடமே போய்க் கேட்டார். ஆசிரியை அவர்களே, எவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்தார்? ஒரு மணி நேரம் என்கிறார்.

ஆகவே, என் அருமைத் தோழர்களே! என்ன எதிர்பார்க்கலாம் இந்தப் பாடத்தில்? குழப்பத்தை எதிர்பாருங்கள். கோபத்தை எதிர்பாருங்கள். எல்லா வரியும் சரியாக இருந்தும் விடை பொய்யாக இருக்கும் ஒரு மாலையை எதிர்பாருங்கள். உங்களைவிட மெதுவாகப் போகிறவர் உங்களைவிடத் தெளிவாகப் பார்ப்பதை எதிர்பாருங்கள். வேகமாகப் போடத் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால், அப்படிச் சொன்ன ஒருவனை மேடையில் பார்த்தோம் என்று சொல்லுங்கள். பலகை உங்களை நம்பச் சொல்லவில்லை. ஆசிரியை நம்பச் சொல்லவில்லை. வைத்துப் பார் என்றுதான் சொல்கிறார்கள். இதைவிட மரியாதையாக ஒரு மனிதரிடம் வேறு எந்தப் பாடம் பேசும்?

அக்கா இன்று இந்த அவைக்கு ஏன் வரவில்லை என்று சிலர் தேடுகிறீர்கள். அழைத்தேன். "செவ்வாய்க்கிழமை எனக்கு கிளாஸ் இருக்குப்பா" என்றுவிட்டார். நமக்கு நேர் மேலே, முதல் மாடியில், நுண்கணித வகுப்பு. பட்டயப் படிப்பின் முதல் பருவம்.

ஆசிரியை கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். முடிக்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்து உதவிய தாய்மார்களுக்கும், இன்னும் தப்பித்துப் போகாத கடைசி வரிசைக்கும் என் நன்றி.

அதோ. கேட்கிறதா? மேலே நாற்காலிகள் இழுபடுகின்றன. வகுப்பு முடிந்துவிட்டது. எல்லோரும் படியிறங்கி வருவார்கள். ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் பிந்தி வருவார்.

வைத்துப் பார்த்துவிட்டு.

வணக்கம்.