டீபிதானாம்

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இருந்தவர், பெரிய எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு போனில் சத்தமாகப் பேசினார். இடம் கிடைக்காமல் அவர் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“மச்சான், டீபிதானாம்! சாமி கைவிடல!”

பாதிப் பஸ் திரும்பிப் பார்த்தது.

“நெஞ்சுப் படத்துல நொரையீரலச் சுத்தித் தண்ணி நிக்கிறது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. என்ன வேலைன்னு டொக்டர் கேட்டாரு. இருவது வருசமா கூரைக்கு அஸ்பெஸ்டோஸ் சீட் வெட்டுறேன்னதும் அவரு மொகமே மாறிருச்சு. அந்தத் தூசியால வர்ற புத்துநோயும் படத்துல இப்புடித்தான் இருக்குமாம். படத்த மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல ஏலாதுன்னு, ஊசி குத்திச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. மூணு கெழமையா எனக்குச் சோறு எறங்கல.”

“மெதுவாப் பேசுங்க,” என்றார் மனைவி.

“என்னத்துக்கு மெதுவா? ஆறு மாசம் மருந்து குடிச்சா சரியாப் போயிருமாம்!”

அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, பின்பக்கம் போய் நின்றார்.

“பாத்தியா, ஒனக்கும் எடம் கெடச்சிருச்சு. உக்காரு.”

மனைவி உட்கார்ந்து உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒங்க சட்டைத் தூசியெல்லாம் நாந்தானே ஒதறித் தொவைச்சேன். திங்கக்கெழம எனக்கும் படம் எடுக்கணுங்கிறாங்களே.”

“எடுப்போம். எதுவும் இருக்காது. இருந்தாலும் டீபியாவே இருக்கட்டும்.”