ஒக்டோபர் மாதத்துச் சோக்

மலைக்கோழி வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் எடையைத்தான் பார்க்க வேண்டும். கடையில் தூக்கிப் பார்க்கும்போது எல்லாமே இலேசாகத்தான் இருக்கும். நாள் முழுக்க ஈரப் புதருக்குள் ஏறி இறங்கி, பின்னேரம் ஒரு பறவை படக்கென்று எழும்பும்போதுதான் அது தோளுக்கு வருமா, வராதா என்று தெரியும். என்னுடைய இரட்டைக்குழல் மூன்று கிலோகூட இல்லை. அதைத் தேர்ந்தெடுக்க நானும் பிலேந்திரனும் ஓஸ்லோவில் ஏறாத கடை இல்லை.

பொலிஸ் விசாரணையிலும் நான் தமிழில் சொல்வதற்கு அனுமதித்தீர்கள். நன்றி. முப்பது வருடம் உங்கள் மொழியில் வேலை செய்தவன் நான். ஆனால் பிலேந்திரனைப் பற்றி அந்த மொழியில் நான் யாரிடமும் கதைத்ததில்லை. கதைக்க ஆளும் இருக்கவில்லை.

ஓஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் இரண்டு பேரும் ஒரே கட்டடம். அவன் மனைவியை இழந்தவன். நான் கல்யாணமே செய்யாதவன். சனிக்கிழமை என்றால் அவன் வீட்டில் மீன்குழம்பு. இலையுதிர்காலத்தில் வேட்டை. என் கைபேசியில் ஒழுங்காக வந்த ஒரே அழைப்பு அவனுடையது.

சோக் தேர்வு எப்போதும் என் பொறுப்பு. குழலின் வாயில் திருகிப் போடுகிற சின்னக் குழாய்த்துண்டுதான் சோக். ஒடுங்கியதைப் போட்டால் தோட்டாவில் உள்ள சிறு குண்டுகள், சன்னங்கள், சேர்ந்தபடி தூரம் போகும். அகன்றதைப் போட்டால் கிட்டவே விரிந்துவிடும். செப்டெம்பரில் இளம் பறவைகள் காலடியில் இருந்து எழும்பும்; அதற்கு அகன்றது சரி. ஒக்டோபரில் அவை விவரமாகிவிடும், தூரத்திலேயே எழும்பிப் போய்விடும். அப்போது ஒடுங்கியதுதான் போட வேண்டும். வேட்டைக்காரர் எவருக்கும் இது தெரியும்.

செப்டெம்பர் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்.

"மச்சான், நான் நத்தாருக்கு முன்னம் பேர்கனுக்குப் போறன். ஒரேயடியா. சோபிகா பிள்ளையையும் வைச்சுக்கொண்டு தனியக் கிடந்து கஷ்டப்படுறாள்."

சோபிகா அவனுடைய ஒரே மகள்.

"ஓம், போகத்தானே வேணும்" என்றேன்.

"நீயும் வந்து வந்து போகலாம். பிளேனிலை ஒரு மணித்தியாலம்தானே."

எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இனிச் சனிக்கிழமைகளில் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். நெடுநேரம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

ஒடுங்கிய சோக் போட்டால் ஆள் மிஞ்ச மாட்டான். அது எனக்கு வேண்டாம். ஆகவே அகன்றதை எடுத்தேன், இரண்டு குழலுக்கும். ஆகச் சிறிய சன்னம் உள்ள தோட்டா வாங்கினேன். சுடுகளத்தில் பெரிய தாள் ஒன்றைக் கட்டி, ஆள் முகம் அளவுக்கு ஒரு வட்டம் கீறி, எவ்வளவு தூரத்தில் இருந்து சுட்டால் அதற்குள் ஏழெட்டுச் சன்னம் மட்டும் விழும் என்று பார்த்துக்கொண்டேன். தடித்த உடுப்பு மற்றதைத் தாங்கிவிடும். அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பறவை ஒன்று தாழப் பறந்தது, குழலைத் திருப்பினேன், அவன் அங்கே நிற்பது தெரியவில்லை என்று ஒக்டோபரில் அது நடந்த அன்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் விபத்து என்று முடித்தீர்கள். பறவை எதுவும் பறக்கவில்லை. அவன் எனக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தான். "பிலேந்திரா" என்று கூப்பிட்டேன். அவன் முழுதாகத் திரும்பும்வரை பொறுத்திருந்தேன்.

ஒரு கண் அன்றைக்கே போய்விட்டது. மற்றதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தைப் போல ஒன்று எனக்கு முன்பு வாய்த்ததில்லை. வேலையை விட்டேன். காலையில் கண்ணுக்கு மருந்து விடுவேன், செய்தி வாசித்துக் காட்டுவேன், மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். எல்லா நாளும் சனிக்கிழமையாகிவிட்டது. கூட்டிப் போக வந்த சோபிகாவை அவனே திருப்பி அனுப்பினான்.

"ஸ்ரீதரன் நிக்கிறான் பிள்ளை. டொக்டர்மாரும் இஞ்சைதானே. நீ உன்ரை பிள்ளையைப் பார்."

சித்திரை மாதம் துப்பாக்கியைத் திருப்பித் தந்தீர்கள். நான் உறையைக்கூடத் திறக்கவில்லை. அவன்தான் ஒருக்கால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றான். மடியில் வைத்தேன். அடிக்கட்டையில் இருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனான். குழலின் வாய்க்கு வந்ததும் விரல் நின்றது. சோக்கின் விளிம்பில் வெட்டு இருக்கும். ஒடுங்கியதற்கு ஒரு வெட்டு. அகன்றதற்கு நாலு. நகத்தால் எண்ணினான். மற்றக் குழலையும் எண்ணினான்.

"நாலு" என்றான். "ஒக்டோபரிலையோ மச்சான்?" என்று கேட்டான்.

"மாத்த மறந்துபோனன்" என்றேன்.

"நீ மறக்கிற ஆள் இல்லை" என்றான். பிறகு, "என்னை நீ கூப்பிட்டனி. பறவை வந்தால் நாங்கள் கதைக்கிறதில்லை" என்றான். நான் தேத்தண்ணீர் ஊற்றி வைத்தேன். குடிக்கவில்லை.

அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

ஆம், நான்தான் சுட்டேன். தெரிந்துதான் சுட்டேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவனாக உங்களிடம் வந்து முறையிட்டான் என்பதை என்னால் ஏற்க முடியாது. யாரோ அவன் மனதைக் கலைத்துக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். அது யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

தனியாகவா? வெள்ளைத் தடியோடு, மெட்ரோவில் ஏறியா?

இல்லை. நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள். பிலேந்திரனுக்கு நான் இல்லாமல் வாசற்படி இறங்கத் தெரியாது.